அரைமணிப் பயணம்

"நேரமில்லை" என்பது எமது இல்லத்தில் அடிக்கடி ஒலிக்கும் சொல். சாவகச்சேரியில் வாழும் தமக்கையாரைப் பார்த்து வரவேண்டுமென்று மனைவி நினைவூட்டும் போதெல்லாம் அதுவே எமது விடை. சென்ற வாரமும் அவ்வாறு கூறிவிட்டு, மகனுடைய பூகோளப் பாடத்துக்குத் துணையாக அமர்ந்தோம்.

அவன் தேசப்படத்தை விரித்துப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுகளைக் காட்டினான். உப்போலுத் தீவிலே அப்பியா நகரம். அதற்குக் கிழக்கே தூத்துவிலாத் தீவிலே பாங்கோ பாங்கோ. இடைத்தூரம் ஏறத்தாழ 80 மைல்.

"விமானத்திற் செல்ல எவ்வளவு நேரமாகும், அப்பா?"

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார் என்றோம். அங்கே பறப்பவை சிறு விமானங்கள். அரைமணிக்குச் சற்றே கூடுதலாகுமென விடை கிடைத்தது.

"அப்படியாயின், திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அப்பியாவில் ஏறுபவர் எப்போது இறங்குவார்?"

"அன்று 10 மணிக்கு முன்" என்றோம், தயங்காமல்.

"இல்லை அப்பா, முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை!" என்று அவன் கைகொட்டிச் சிரித்தான்.

உண்மைதான். சர்வதேச திகதிக் கோடு அவ்விரு தீவுகளுக்கும் நடுவே செல்கின்றது. இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டும். நாட்காட்டி மட்டும் ஒருநாள் வேறுபடும். திரும்பி வருபவரோ, அதே அரைமணியில் ஒரு முழுநாளை இழந்துவிடுவார்.

இக்கோடு இயற்கை இட்டதன்று. 1892ஆம் ஆண்டில், அமெரிக்க வணிகத் தொடர்பை முன்னிட்டுச் சமோவா மக்கள் யூலை 4ஆம் திகதியை இருமுறை கண்டனர். பின்னர் அவுஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் பெருகவே, 2011ஆம் ஆண்டில் சுதந்திர சமோவா டிசம்பர் 30ஆம் திகதியாகிய வெள்ளிக்கிழமையையே விட்டுவிட்டது. வியாழன் இரவு உறங்கியவர் சனிக்கிழமை விழித்தனர். வாராத அந்நாளுக்கும் தொழிலாளர் சம்பளம் பெற்றனர்! அமெரிக்க சமோவா மட்டும் பழைய திகதியிலேயே நின்றது.

மொழியாலும் உறவாலும் இரு பக்கத்தாரும் ஒரே மக்கள். 1899ஆம் ஆண்டில் வல்லரசுகள் செய்த உடன்படிக்கையே அவர்களை முதலிற் பிரித்தது. அப்பியாவிலே தாய் ஞாயிற்றுக்கிழமை ஆலயஞ் செல்லும் வேளையில், பாங்கோ பாங்கோவிலுள்ள மகளுக்கு அது சனிக்கிழமை. ஆயினும் திருமணமென்றால், மரணமென்றால், அவர்கள் அக்கோட்டைக் கடந்து உறவினரிடம் செல்லத் தவறுவதில்லை.

மகன் படத்தை மூடிவிட்டு, "யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வீட்டுக்கு எத்தனை மைல், அப்பா?" என்றான். ஏறத்தாழ 10 மைல். நடுவே எந்தத் திகதிக் கோடும் இல்லை. எமக்குப் பேச நா எழவில்லை.

மறுநாட் காலையே குடும்பத்தோடு பஸ் ஏறினோம். படலையைத் திறந்த தமக்கையார் ஒருகணம் திகைத்து நின்றார்.

"தம்பி, இன்றைக்கு என்ன கிழமை? வழிதப்பி வந்தனீயோ?" என்றார்.