வாப்பாவின் அந்திப்பொழுது

மஃரிபுக்குப் பின் வாப்பா வெளியே செல்ல மாட்டார்கள். இளமையில் அதனைக் கண்டிப்பு என்றே எண்ணியிருந்தோம். மங்கிய ஒளியில் வாசற்படியே அவர்களுக்குத் தெரிவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மாலைக்கண் என்றனர் ஊரார். உம்மா ஆண்டுக்கணக்காக முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் சமைத்துக் கொடுத்தார்கள். ஊட்டக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை நல்ல மருந்தே. வாப்பாவுக்கு வாய்த்ததோ பிறவியிலேயே மரபணுவில் வந்த பிழை. குழல் வழியே காண்பதுபோல் பார்வை சுருங்கி, இறுதியில் செய்தித்தாளின் எழுத்தும் மறைந்தது.

இருட்டில் தொடங்கிய நோய் பகலையும் ஏன் பறித்தது? விழித்திரையில் மங்கலில் காணும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. பகலொளியும் நிறமும் உணரும் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 இலட்சம். உடலின் செல்கள் அனைத்திலும் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுப்புதான். எது எங்கே விழிக்க வேண்டும், எவ்வளவு உழைக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடே கண்ணைக் கண்ணாக்குகிறது. என்.ஆர்.எல். என்னும் மரபணு கோல் செல்லுக்குரிய மரபணுக்களை எழுப்புவது. அதனை நீக்கிய எலிகளில் கோல் செல்களே தோன்றவில்லை. கூம்பை ஒத்த செல்களே தோன்றின என்று 2001-இல் கண்டனர்.

கோல் செல் ஒளியை ஏற்பது ரொடாப்சின் என்னும் புரதத்தால். அதன் உற்பத்தி அற்றுப்போனாலும் செல் மடிகிறது. அளவு மீறினாலும் மடிகிறது. சோற்றில் உப்பைப் போன்றதே இதுவும். கோல் செல்கள் மடிந்தபின், குற்றமற்ற கூம்புகளும் மடிகின்றன. கூம்புகளை வாழவைக்கும் ஒரு புரதத்தைக் கோல் செல்களே சுரக்கின்றன என்பதை 2004-இல் பிரெஞ்சு அறிஞர் லெவேயாரும் சாஹெலும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். அண்டை வீட்டார் அழிந்தபின் தனித்து வாழ எவரால் இயலும்?

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. "தம்பி, உன் மகளை என் மகனுக்கே கொடு, வெளியே கொடுத்துவிடாதே" என்று ராத்தா கேட்டார்கள். வாப்பாவின் பெற்றோர் நெருங்கிய உறவினர். இருவருக்கும் பார்வை நன்றாகவே இருந்தது. பிழை இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்பட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். அவ்வாறாயின் ராத்தாவும் நாமும் அதனைச் சுமக்கிறோம். நம் மகளும் மருமகனும் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அச்சம்.

இதைச் சொன்னபோது ராத்தா கண்கலங்கி, "நம் இரத்தத்தையா குறை சொல்கிறாய்?" என்றார்கள். நாம் விடையின்றி நின்றோம்.

2017-இல் அமெரிக்கா ஒரு மரபணு மருத்துவத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதுவும் ஆர்.பி.இ.65 என்னும் ஒரே மரபணுவின் பிழைக்கு மட்டுமே. ஆகவே நம் குடும்பத்துப் பிழை எதுவென அறிவதே முதல் வேலை. அதற்கு நோயுற்றவரின் இரத்தம் வேண்டும்.

திண்ணையிலிருந்து அனைத்தையும் கேட்டிருந்த வாப்பா, தடியைத் தேடி எழுந்தார்கள்.

"என் இரத்தத்தில்தானே பார்க்க வேண்டும்? காலையில் கூட்டிப் போங்கள். கண்டறிந்தபின் சம்பந்தம் பேசுங்கள்."

மறுநாள் அவர்களின் வலக்கையை நாம் பிடித்துக்கொண்டோம். இடக்கையை ராத்தா பிடித்துக்கொண்டார்கள்.