உப்புத் தின்ற எஞ்சின்

"ஒண்ணுக்கே போகல, அண்ணாச்சி."

இளைஞர் ஒருவர் இப்படிச் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணாச்சி சிரிக்கவில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில், நாட்டுப்படகுகள் ஒதுங்கும் கரையில், அது ஒரு நோய்க்குறி. அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள சிறு துளை வழியே மெல்லிய தாரையாக வெளியே விடும். தாரை நின்றால் துளை அடைத்திருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி துளைக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். அடைப்பு இல்லை.

இம்பெல்லரை மாற்ற, புரொப்பெல்லர் பொருத்திய கீழ்க் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். புது எஞ்சினில் சிறிது நேர வேலை. இதற்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை வருசமாச்சு இதத் தொறந்து?" என்று கேட்டார் அண்ணாச்சி. "வாங்கினதுலேர்ந்து தொறக்கல" என்றார் இளைஞர். விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. அப்போது எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். நாட்டுப்படகுக்குத் தடையும் இல்லை, அந்தக் கட்டாய ஓய்வும் இல்லை. எஞ்சின் ஓடுகிறவரை ஓட்டுவார்கள்.

நான் நினைத்ததுபோல அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினார். பலமாக அல்ல; கதவைத் தட்டுவதுபோல. உள்ளே இறுகிய உப்புக்கட்டி அதிர்ந்து விரிசல் விட வேண்டும். பிறகு துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு வேறொரு எஞ்சினிடம் போய்விட்டார். மதியம்வரை இதன் பக்கமே வரவில்லை. அவசரப்பட்டது நான்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்து, பெட்ரோல் டேங்கைத் தள்ளிவைத்து, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். தீயைப் போல்ட்டின்மேல் காட்டவில்லை, அதைச் சுற்றியிருந்த அலுமினியத்தில் காட்டினார். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூடேறினால் அதைவிட அலுமினியம் கூடுதலாக விரியும். ஓட்டை மயிரிழை அகலும். ஆனால் அலுமினியம் ஏமாற்றுக்கார உலோகம். இரும்புபோலச் சிவந்து எச்சரிக்காது. சுமார் 660 டிகிரியில் திடீரென்று உருகிச் சரிந்துவிடும். அவரிடம் வெப்பமானி இல்லை. விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தார். சுரீரென்று துள்ளியது. "போதும். இதுக்கு மேல போனா உள்ள இருக்க சீல் வெந்துரும்."

முதலில் கொஞ்சம் இறுக்கினார், பிறகு தளர்த்தினார். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. கிரீச்சென்று கத்தியபடி ஒன்று வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று. நான்காவதில் கை நின்றது.

"இங்க கை வச்சுப் பாருங்க சார்."

ஸ்பேனரைப் பிடித்து இழுத்தேன். நகர்ந்தது. "வருதே!" என்றேன்.

"வரல. முறுக்குது. தலை மட்டும் திரும்புது, மரை அப்படியே கெடக்கு. ரப்பர் மாதிரி இழுத்துச்சுன்னா விட்டுரணும்."

மறுபடி ஸ்பிரே அடித்து இரவெல்லாம் ஊறவிட்டார். மறுநாள் காலையில் மறுபடி தீ, மறுபடி ஸ்பேனர். டக். தலை கையோடு வந்துவிட்டது.

யாரும் எதுவும் பேசவில்லை. டீ வரவழைத்தார். குடித்து முடித்த பிறகுதான் எஞ்சினைப் பார்த்தார். தலை போனதால் கியர்பாக்ஸ் நழுவி இறங்கியது. மேல்பாகத்தில் ஒரு விரல்கட்டை நீளத்துக்குப் போல்ட்டின் முண்டம் நீட்டிக்கொண்டிருந்தது. "நீட்டிட்டு நிக்குதே, அது நம்ம அதிர்ஷ்டம். ஓட்டைக்குள்ளேயே ஒடிஞ்சிருந்தா ட்ரில் போடணும்." அந்த வேலையில் ட்ரில் நடுப்புள்ளியிலிருந்து சற்று விலகினாலும் அலுமினியத்தை அரித்துவிடும். உள்ளே செருகித் திருப்பும் ஈசி-அவுட் ஒடிந்தால் இன்னும் மோசம். அது ட்ரில்லையே மழுங்கடிக்கும் கடின எஃகு.

எஞ்சினின் மின்வயர்களைக் கழற்றிவிட்டு, முண்டத்தின்மேல் ஒரு நட்டை மாட்டி, அதன் வாயில் வெல்டிங் வைத்தார். அந்த வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. போல்ட்டும் நட்டும் மட்டுமே ஒன்றாகும். முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவதை இன்னும் ஆழமாக வைத்து, ஆறவிட்டு, ஸ்பேனரைப் போட்டார். முன்னே, பின்னே. முன்னே, பின்னே. மாவு அரைபடும் ஓசையோடு முண்டம் சுழன்று வெளியே வந்தது.

என் உள்ளங்கையில் போட்டார். போல்ட்டின் மரைக்கு ஒன்றுமே ஆகவில்லை, துடைத்தால் பளபளத்தது. மரைகளுக்கிடையே வெண்பொடி இறுகியிருந்தது. "துருன்னா செவப்பா இருக்கும்னுதான எல்லாரும் நெனைக்காங்க? இது வெள்ளைத் துரு. போல்ட்டோடது இல்ல, அலுமினியத்தோடது." இரண்டு உலோகங்கள், நடுவே கடல்நீர். டார்ச் பேட்டரிக்குள் நடப்பதுதான் இங்கும். இளைத்த உலோகம் கரைந்து ஆக்சைடாகும். அது கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்டு மரையை அடைத்துக்கொள்ளும். தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றட்டும் என்றுதான் எஞ்சினில் ஒரு துத்தநாகக் கட்டியை வைத்திருக்கிறார்கள். இந்த எஞ்சினில் அந்தக் கட்டியின்மேலும் அழகாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் பூசினால் அது வெறும் கட்டி.

இம்பெல்லரை மாற்றச் சிறிது நேரமே ஆனது. கூலியைச் சொன்னபோது இளைஞர் தயங்கினார். "ஒரு போல்ட்டுக்கா அண்ணாச்சி?" பம்புக்கு எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். கழற்றியதற்குக் காசு என்றால் யாருக்கும் மனசு வருவதில்லை. இரு, இழுக்காதே, இன்னும் கொஞ்சம் பொறு என்று அந்தக் கை எத்தனை முறை தன்னையே தடுத்துக்கொண்டது என்பதற்கு ரசீது கிடையாது.

எஞ்சினைத் தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டினார்கள். தாரை பீய்ச்சியது. சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்லா? கரைக்கு வந்ததும் தெனமும் இப்படி நல்ல தண்ணில அஞ்சு நிமிசம் ஓட்டு. இவ்வளவு பாடு இருக்காது" என்றார் அண்ணாச்சி.

"குடிக்கதுக்கே குடம் கணக்குல காசு குடுத்து வாங்குதோம், அண்ணாச்சி."

ஊரைச் சுற்றி உப்பளங்கள். உப்புக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. புதுப் போல்ட்டுகளை எடுத்தார். கிரீஸ் டப்பாவில் இரண்டு விரலையும் ஆழ விட்டு வழித்து, நான்கு மரைகளிலும் அப்பினார். தேவைக்கு மேலேயே அப்பினார். இறுக்கும்போது பிதுங்கி வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை.