நித்திரையில் நின்றுபோகும் மூச்சு

குறட்டை ஆண்களுக்குரியது என்றே எம்மில் பலர் எண்ணுகிறோம். தனக்குக் குறட்டை வருகிறது என்று சொல்ல ஒரு பெண் கூச்சப்படுகிறாள். கணவனை இழந்து தனித்து வாழ்பவளுக்கோ, இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லப் பக்கத்தில் ஒருவருமில்லை. காலைத் தலையிடி, பகலில் அசதி, மறதி எல்லாவற்றையும் "யோசனை கூடிப்போச்சு" என்று ஒதுக்கிவிடுகிறாள்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்வதால், 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும் நோய் இது. மணித்தியாலத்துக்கு 30 தடவையோ கூடவோ நின்றால் நோய் கடுமையானது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இது அதிகரிக்கிறது. 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் இதற்கொரு வழி கண்டார். மூக்கில் அணியும் முகமூடி ஊடாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, பாதையைத் திறந்து வைத்திருக்கும் கருவி அது. போடுகின்ற இரவுக்கே பலன் தரும். ஆனாலும் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள்.

எனது வேலையில் சந்தித்த ஓர் அம்மா மூன்றாம் நாளே கருவியைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். "முகத்தை மூடினா பங்கருக்குள்ள கிடந்த மாதிரி இருக்குது பிள்ளை" என்றார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்றார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரரிடையே நடந்த ஆய்வுகளிலும், மனவடு உள்ளோர் இக்கருவியைக் குறைவாகவே பாவிப்பது தெரியவந்துள்ளது.

இன்னொருவருக்கும் மூக்கு வறண்டது, காற்றுக் கசிந்தது, மின்கட்டணம் கவலை தந்தது. ஆனால் முதற்கிழமை முழுவதும் மகள் அருகில் படுத்தாள். கிளினிக்கில் அளவான முகமூடி மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் தலையிடியில்லாமல் எழும்பினார். அதன்பின் அவர் விடவில்லை. முதற்கிழமைப் பழக்கமே பெரும்பாலும் பின்னரும் நிலைக்கிறது.

முதலாமவர் இப்போது பகலில் வானொலி கேட்டபடி, பட்டியை மாட்டாமல், முகமூடியைக் கையால் பிடித்துப் பழகுகிறார். விரும்பியபோது எடுக்கலாம் என்பது அவருக்குத் தெம்பு தருகிறது. இரவில் இரண்டு மணித்தியாலம் வரை வந்துள்ளார். அது போதாதுதான், ஆனாலும் கருவி கட்டிலுக்கடியில் இல்லை.

சகோதரிகளே, தனியாகப் படுக்கும் அயலவளிடம் கேளுங்கள்: "விடிய எழும்பேக்க தலை இடிக்குதா?" ஓம் என்றால், கிளினிக்குக்குக் கூடப் போங்கள்.