முலாந் தொட்டியின் இயல்பு

தொட்டியில் இட்ட அளவே முலாமிலும் ஏறும் என்பது பட்டறைகளில் பலர் கொண்டுள்ள நம்பிக்கை. கலப்புலோகத்திற்கு இது பொருந்தாது. இதனை அறியாமையால் ஒரு முதியவரது நற்பெயர் கெடவிருந்தமையின், இலக்கணம் பயிலும் யாம் இரசாயன நூல்களைப் புரட்ட நேர்ந்தது. நகைக்கும் அன்பர்கள் நகைக்க.

நிக்கல் முலாமுக்கு இன்றும் அடிப்படையாயிருப்பது, அமெரிக்க நாட்டு விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து வாட்ஸ் என்பார் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட கரைசலாகும். அதன்கண் நிக்கல் ஸல்பேட்டு, நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் என மூன்று பொருள்கள் உள. ஸல்பேட்டு உலோகத்தின் பெரும்பகுதியைத் தருவது. லிட்டருக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரை இடுவர். குளோரைடு, நேர்மின்வாயிலுள்ள நிக்கல் தடையின்றிக் கரையத் துணைசெய்வது. போரிக் அமிலத்தின் தொண்டோ கண்ணுக்குப் புலனாவதன்று. முலாமேறும் பரப்பில் ஹைட்ரஜன் வாயு பிரியுந்தோறும் அவ்விடத்துப் புளிப்புக் குறையும். மிகக் குறையின் நிக்கல் ஹைட்ராக்ஸைடு தோன்றி முலாமிற் புகுந்து, அது நொறுங்குந் தன்மையதாகும். அவ்வாறு நேராமற் காப்பது அவ்வமிலமே. மூன்றனுள் எமக்கு அதன்மேலேயே மதிப்பு மிகுதி.

நிக்கலின் விலை மிகுதியாகலின், அதனோடு இரும்பைச் சேர்த்து முலாமிடும் முறையும் வழக்கிலுண்டு. நியம மின்னழுத்தம் நிக்கலுக்கு -0.25 வோல்ட்டு, இரும்புக்கு -0.44 வோல்ட்டு. ஆகவே நிக்கலே முந்திப் படியவேண்டும். நிகழ்வதோ மறுதலை! கரைசலில் நிக்கல் 20 பங்கும் இரும்பு 1 பங்குமே இருப்பினும், முலாமில் இரும்பு நூற்றுக்கு 20 பங்கு வரையில் ஏறக்கூடும். கலப்புலோக முலாம்களைப்பற்றி 1963-இல் இரு தொகுதிகள் வெளியிட்ட பிரென்னர் என்பார், இதனை முறைமாறிய படிவு என வகுத்துள்ளார். அஃதன்றி, கரைசலைக் கலக்குந்தோறும் இரும்பின் பங்கு மேலும் உயரும். ஏனெனின், சிறிதளவே உள்ள இரும்பு பரப்பை அடையும் விரைவுதான் அதன் படிவை வரையறுக்கின்றது.

எம் தந்தையாரின் சிறு பட்டறையில் சென்ற ஆண்டு இம்முறை தொடங்கப்பெற்றது. சில திங்களில், கதவுக் கைப்பிடிகள் ஒரு பெட்டி முழுவதும் முலாம் வெடித்துத் திரும்பிவந்தன. தொட்டியைக் காத்துவரும் மேஸ்திரியார் இரும்புப்பை மிகையாகக் கொட்டினார் என்று தந்தையார் முடிவுகட்டி, அவரது வாரக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரியார், "நிறுத்துத்தான் போட்டேன், முதலாளி" என்பதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. அளவுச் சீட்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்த எமக்கு அவர் கூற்று மெய்யென்றே தோன்றிற்று.

எம் கல்லூரி இரசாயன ஆசிரியரை அணுகினோம். அவர் முதலில் வினவியது, "அண்மையில் எதனை மாற்றினீர்கள்?" என்பதே. மாற்றியது ஒன்றுண்டு: விரைவு கருதித் தந்தையார் தொட்டியின் அடியில் காற்றுக்குழாய் அமைத்திருந்தார். காற்றின் கலக்கத்தால் முலாமில் இரும்பு மிகுந்தது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனால் கரைசலிலுள்ள ஈரிணை இரும்பு மூவிணை இரும்பாகத் திரிந்தது. பின்னையது சிறிது புளிப்புக் குறையினும் பழுப்பு வண்டலாகப் பிரிவது. முலாமையும் நொறுங்கச் செய்வது.

குழாயை அகற்றி, பண்டங்கள் தொங்கும் கம்பியையே மெல்ல முன்னும் பின்னும் அசையவைத்தோம். வண்டலை வடித்து, கந்தக அமிலத்தால் புளிப்பைச் செம்மைசெய்து, எஞ்சிய மூவிணை இரும்பு பிரியாதிருக்கச் சிட்ரேட்டு உப்பும் இட்டோம். மறுவாரம் முலாமிட்ட தகட்டை மடித்தபோது வெடிக்கவில்லை. தந்தையார் பிடித்த கூலியை மேஸ்திரியார் கையிற் கொடுத்து, "என்னுடைய குழாய்தான், ஐயா" என்றார்.

பட்டறைச் சுவரில் ஒட்டுதற்கு இம்முறைகளைத் தமிழில் எழுதும் பணி எம்மைச் சார்ந்தது. ஈரிணை, மூவிணை என்று எழுதிப் படித்துக் காட்டினோம். மேஸ்திரியார் சிறிது எண்ணி, "பச்சை இரும்பு, துரு இரும்பு என்று போடு, தம்பி, பையன்களுக்குப் புரியும்" என்றார். கரைசலின் நிறத்திற்கும் அது பொருந்துவதே. அவர் சொற்களையே எழுதினோம்.