என்ஜின் இல்லாத கார் ஓட்டிய கதை

மக்களே, இந்த செமஸ்டர் லீவில் நம்ம வகுப்பில் பாதிப்பேர் ஊட்டி, மூணாறு என்று கிளம்பிவிட, நான் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு கார் செய்துகொண்டிருந்தேன். கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு மொபெட் சக்கரம், நடுவில் கொஞ்சம் ஸ்கொயர் பைப், உட்கார ஒரு பலகை. இன்னும் என்ஜின் கூட வாங்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது 1924-ல் பந்தயத்துக்கு வந்த புகாட்டி டைப் 35 தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா...

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை. 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல் வெட்டும் மெஷினின் என்ஜினை ஒரு பைப் சட்டத்தில் மாட்டி ஓட்டினார். அதுதான் உலகின் முதல் கோ-கார்ட். அதற்கும் 30 வருடம் முன்னால், 1926-ல், எட்டோர் புகாட்டி தன் சின்ன மகன் ரோலண்டுக்காக டைப் 35-ஐ பாதி அளவில், பேட்டரியில் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தார். நான் செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இதற்கு சைக்கிள்கார்ட் என்று பெயர். கலிஃபோர்னியாவில் தொடங்கிய பொழுதுபோக்கு. 1920, 30-களின் பந்தயக் கார் போல உருவம், ஒல்லியான கம்பிச் சக்கரங்கள், சுமார் 6.5 குதிரைத்திறன் உள்ள சின்ன பெட்ரோல் என்ஜின், மொத்த எடை 250 பவுண்டு (113 கிலோ) பக்கத்தில். அவ்வளவுதான் விஷயம்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு முதல் அட்வைஸ்: என்ஜினை முதலில் வாங்காதீர்கள். சக்கரத்தை வாங்குங்கள். சக்கரத்தின் அளவை வைத்துத்தான் மற்ற எல்லா அளவும் வரும். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் 16 இஞ்ச் மொபெட் சக்கரம் நாலு, டயரோடு, பேரம் பேசி 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். டயரோடு சேர்த்து விட்டம் சுமார் 21 இஞ்ச். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 1.68 மீட்டர் போகும். என்ஜின் 3,600 ஆர்பிஎம், ஸ்ப்ராக்கெட் 10 பல்லுக்கு 60 பல் என்று வைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு 60! எனக்கு அவ்வளவு வேண்டாம், 40 போதும்.

அடுத்தது ஸ்டீயரிங். வளைவில் உள்பக்கச் சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் குறைவாக. 1818-ல் குதிரை வண்டிகளுக்காக ஆக்கர்மன் என்பவர் பேடண்ட் எடுத்த ஐடியா இது. செய்வது சுலபம். வண்டியைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். முன் சக்கரம் திரும்பும் இரண்டு கிங்பின்களிலிருந்தும் பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளிக்கு நூல் கட்டுங்கள். ஸ்டீயரிங் ஆர்ம் அந்த நூலின் மேலேயே படுத்திருக்க வேண்டும். எங்கள் கொட்டகைத் தரையில் ஒரு வாரம் என் கார் கோலம் மாதிரி கிடந்தது. அம்மா அதன் மேல் சாணி தெளிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

பின்னால் டிஃபரன்ஷியல் எல்லாம் வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கிவிட்டால் வளைவில் ஒன்று தேய்ந்துகொண்டே வரும். அதனால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் செயின், மற்றது சும்மா சுற்றும். இரண்டுக்கும் பிரேக் உண்டு.

இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

மொபெட்டில் முன் ஆக்ஸிலை ஃபோர்க் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். காரில் ஒரு பக்கம்தான் பிடிமானம். வெல்டிங் வைக்கப் போனபோதே லேத் பட்டறை அண்ணன் சொன்னார்: “தம்பி, இந்த 12 எம்எம் ஆக்ஸிலு ஒத்தப் பக்கம் போட்டா மடங்கீருமுங்க. ஹப்பைக் கடைஞ்சு 6202 பேரிங் போட்டுக்குடுக்கறேன், 15 எம்எம் ஆக்ஸிலு போட்டுக்கலாமுங்க.” 900 ரூபாய் ஆகும், இரண்டு நாள் ஆகும் என்றார். எனக்கு அன்றைக்கே உருட்டிப் பார்க்க வேண்டும். “பரவால்லீங்கண்ணா, சும்மா தள்ளித்தான பாக்கப்போறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெரியப்பா தோட்டத்து வண்டித்தடம் நல்ல சரிவு. தள்ள ஒரு ஆள் வேண்டும், ஓட்ட ஒரு ஆள் வேண்டும். எட்டாவது படிக்கும் சித்தி பையன் “நான் ஓட்டறேன்ணா” என்று ஒற்றைக்காலில் நின்றான். என் ஹெல்மெட்டை அவனுக்கு மாட்டினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். முதல் தடவை அருமையாக இறங்கியது. இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். கீழே வளைவில் இடது முன் சக்கரம் அப்படியே உள்ளே மடங்கி, வண்டி மண்ணில் குத்தி நின்றது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். முழங்கையில் மூன்று தையல்.

சித்தி ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் கெரகத்தை எடைக்குப் போட்டுட்டு வேற சோலி இருந்தா பாருடா!” நான் வாயே திறக்கவில்லை. என்ன சொல்ல?

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். உருண்டைக் கம்பி வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 12-லிருந்து 15-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதே கணக்கைப் போன செமஸ்டரில் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்! பைக் வளைவில் சாயும், அதனால் பாரம் சக்கரத்தின் தளத்திலேயே இறங்கும். கார் சாயாது, பாரம் முழுக்கப் பக்கவாட்டில் விழும் என்பதும் எனக்குத் தெரியும். பத்தாவதுகூட முடிக்காத லேத் அண்ணன் கையால் தடவிப் பார்த்துச் சொன்னதை, தாளில் எழுதத் தெரிந்த நான் கேட்கவில்லை. 900 ரூபாய் மிச்சம் பிடித்தது ஒரு சின்னப் பையனின் கையில் போய் முடிந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அண்ணன் மடங்கிய ஆக்ஸிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பையனுக்கு எப்படி இருக்குதுங்க?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஹப்பை லேத்தில் மாட்டினார்.

இப்போது நாலு சக்கரத்துக்கும் 15 எம்எம். புது விதிகள் மூன்று போட்டிருக்கிறேன். பிரேக் பிடித்து நிற்காத வரை என்ஜின் ஏறாது. ஓடினாலும் தோட்டத்துக்குள் மட்டும்தான். பதிவு இல்லாத வண்டி பொதுச்சாலையில் இறங்கக்கூடாது, அது சட்டம். எதைப் புதிதாக மாட்டினாலும் முதலில் உட்காருவது நான்.

தையல் பிரித்த அன்றே சித்தி பையன் போன் பண்ணினான். “அண்ணா, என்ன கலர் அடிக்கப் போற?” புகாட்டி நீலம் என்றேன். சித்திக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அப்படியே யார் வீட்டுத் தோட்டத்திலாவது பழைய பெட்ரோல் பம்ப்செட் என்ஜின் சும்மா கிடந்தால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் :-)