ஆம் ஐ ஆடிபிள்?

2020 ஊரடங்கின்போது என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புப் பிள்ளைகள் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் "ஆம் ஐ ஆடிபிள்?" என்பதுதான். நான் அதைப் பாடமாக நடத்தவில்லை. தினமும் பத்துத் தடவை நானே கேட்டுக் கேட்டு அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைகள். சனி, ஞாயிறு வந்தால் பாதிப்பேர் ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளில் நின்றுகொண்டிருப்பார்கள். இவர்களுக்கு இலக்கணம் பெரிய சிக்கலே இல்லை. வாயைத் திறப்பதுதான் சிக்கல். இந்த ஊரில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் போதும், நீங்கள் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நானும் தமிழ்வழிதான். என் முதல் இன்டர்வியூவில் "ப்ளீஸ் ரிப்பீட்" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்றாவது முறை எனக்குக் குரலே வரவில்லை.

ஒரு கம்பெனிக்காரர்கள் வகுப்புக்கு புரொஜெக்டர் கொடுத்தார்கள். பூங்கொத்து, போட்டோ எல்லாம் ஆனது. அதை ஓட்ட லேப்டாப் வேண்டுமே? ஒரு பையன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்தான் கை கொடுத்தது. 2011-இல் அந்தத் திட்டம் ஆரம்பித்திருக்காவிட்டால் எங்கள் அறையில் கணினி என்று ஒன்றே இருந்திருக்காது. ஆனால் புரொஜெக்டரில் இருந்தது பழைய விஜிஏ, லேப்டாப்பில் எச்டிஎம்ஐ. ரிச்சி தெருவுக்குப் போய் கன்வெர்ட்டர் வாங்கிவந்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. விஜிஏ ஒயரில் சத்தம் போகாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சரி, தனியாக ஒரு ஸ்பீக்கர். அதற்கு பிளக் பாயின்ட் இல்லை. டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினோம். மே மாதம் அது.

அப்புறம் நெட். திரையில் ஒரு லண்டன்காரர் "குட் ஈவ்னிங், ஐ வுட் லைக் டு" என்பார், வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி, "அண்ணா, அவருக்கும் வாய் வரலைண்ணா" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மணி நேர வகுப்பில் நாற்பது நிமிஷம் ஒயரோடு போய்க்கொண்டிருந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் நாற்பது பேர் ஆளுக்கொரு நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மெஷின் சரியானால் வகுப்பும் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சந்திர பான் பிரசாத் உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளுக்காக 'ஆங்கில தேவி' என்று ஒரு சிலை செய்தாரே, நினைவிருக்கிறதா? 2010-இல் வந்த செய்தி. ஒரு கையில் பேனா, மறு கையில் அரசியல் சட்டம், தலையில் தொப்பி. அவள் நிற்கும் பீடம் ஒரு கம்ப்யூட்டர். அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியவன் நான். பீடத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியதும் வகுப்பு போனுக்குள் போனது. மாலை ஏழு மணி, வீடியோ. முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் பதினொன்று. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு, ஒரு நாளைக்கான 1.5 ஜிபி டேட்டாவில் பாதிக்கு மேல் தின்றுவிடும் என்று ஒரு பையன் சொன்னான். கேட்டுக்கொண்டேன், ஒன்றும் செய்யவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு எண்ணிக்கை எல்லாம் தெரியும். 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணினி உள்ள குடும்பங்கள் 10.7 சதவீதம், இணைய வசதி உள்ளவை 23.8 சதவீதம். ஆன்லைன் கல்வி யாருக்கானது என்று இதை வைத்துக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதே நான், என் வகுப்பின் வருகைப் பதிவில் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நெட் நாலு தடவை அறுந்த எரிச்சலில் வாட்ஸ்அப் குழுவில் இங்கிலீஷில் ஒரு வரி போட்டேன்: "தோஸ் ஹூ ஆர் நாட் சீரியஸ் மே லீவ்."

அன்றிரவே அந்தப் பின்வரிசைத் தங்கச்சி குழுவைவிட்டு வெளியேறினாள்.

இரண்டு நாள் வீம்பாக இருந்துவிட்டு, அப்புறம் கூப்பிட்டேன். கால்வாய் ஓரத்தில் இருந்த அவள் குடும்பத்தை அதற்கு முந்தைய வருஷமே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நம் ஜனங்களை ஊருக்கு வெளியே தள்ளும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா அடையாறில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். வீட்டில் இருந்த ஒரே போன் அவரிடம். ஊரடங்கில் பஸ் இல்லை, சைக்கிளில் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். என் வகுப்பு ஏழு மணிக்கு.

"அன்னைக்கு அப்பா போனைக் காட்டி, சார் இங்கிலீஷ்ல ஏதோ போட்டிருக்காரே, என்னம்மான்னு கேட்டாருண்ணா."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்கு கிளாஸ் லீவுன்னு சொல்லிட்டேன். நீங்களும் லீவுன்னுதானே போட்டிருந்தீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். வகுப்பில் எடுத்த பாடம் வீணாகவில்லை. வரியைப் படித்தாள், சரியாகப் புரிந்துகொண்டாள், அப்பாவுக்கு வலிக்காதபடி மாற்றியும் சொல்லிவிட்டாள். இங்கிலீஷ் தெரியாமல் தடுமாறியவன் நான்தான். மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா" என்றாள். அது பரவாயில்லாத விஷயம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து வீடியோவை நிறுத்தினேன். தினமும் இரண்டு நிமிஷம் பேசி வாய்ஸ் நோட் அனுப்புவேன். அரை எம்பிகூட வராது. எப்போது போன் கைக்கு வருகிறதோ அப்போது கேட்கலாம், பதிலைத் தாங்களும் பேசி அனுப்பலாம், நேரக் கணக்கு கிடையாது. பாடமும் மாறியது. லண்டன்காரரின் டின்னரை விட்டுவிட்டோம். ரேஷன் கடையில் நடந்தது என்ன, வார்டன் ஏன் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார், ஸ்காலர்ஷிப் ஏன் வரவில்லை என்று கேட்டு இங்கிலீஷில் எப்படி மனு எழுதுவது, இதையெல்லாம் பேசினோம். ஓடிப்போன பத்தொன்பது பேரில் பதினாலு பேர் திரும்பினார்கள். மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். அதற்கு என் ஏழு மணி வகுப்பு எவ்வளவு காரணம் என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய முதல் வாய்ஸ் நோட் இரவு 11:40-க்கு வந்தது. தம்பிகள் தூங்குகிறார்கள் போல, கிசுகிசுப்பாகப் பேசியிருந்தாள். பின்னால் மின்விசிறி கடகடக்கிற சத்தம். எடுத்த எடுப்பில் "அண்ணா, ஆம் ஐ ஆடிபிள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நிறுத்தியிருந்தாள். வாய்ஸ் நோட்டில் அதைக் கேட்கவேண்டியதில்லை என்று நான் திருத்தவில்லை.

இப்போது வகுப்பு மறுபடியும் அந்த மாடியில்தான் நடக்கிறது. புரொஜெக்டர் பீரோ மேல் இருக்கிறது. கொடுத்தவர்கள் போட்டோ கேட்கும்போது மட்டும் இறக்கித் துடைக்கிறோம்.