சரிவில் ஒரு திண்ணை

குன்னூர் மலைச்சரிவில் நம் தங்கையின் வீடு உள்ளது. பின்புறம் மேடு, முன்புறம் பள்ளம். வாசற்படியை விட்டு இறங்கினால், நாற்காலியின் நான்கு கால்களும் பதிய ஓரிடமும் இல்லை. ஆண்டு விடுப்பில் சென்றிருந்தபோது, எண்பத்து மூன்று வயதான நம் அன்னை, "வெயில்ல கொஞ்ச நேரம் உக்காரணும் போல இருக்கு சாமி" என்றார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தாயின் ஆசை பெரிதன்று. பன்னிரண்டடிக்குப் பத்தடி சமதளம். பள்ளத்துப் பக்கம் நாலடிச் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, மேலே கல் பாவினால் போதும் என எண்ணினோம்.

அவ்வூர்க் கொத்தனார் முதியவர். சரிவில் ஏறியிறங்கிப் பார்த்துவிட்டு, "மண்ண நிறுத்திடலாம் சாமி. தண்ணிக்குத்தான் வழி விடணும்" என்றார். சுவரில் துளைகள், சுவருக்குப் பின்னால் உடைகல், மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் என்று அவர் அடுக்க அடுக்கச் செலவு கூடிற்று. நம் விடுப்போ பன்னிரண்டே நாள். துளைகள் அம்மைத் தழும்புபோல் சுவரின் அழகைக் கெடுக்குமே என்றும் தோன்றிற்று. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றவருக்கு ஒரு சுவரைப் பற்றியா பாடம் என்ற நினைப்பும் உள்ளூர இருந்தது; மறைப்பானேன்? வேறு ஆட்களை வைத்து ஒன்பது நாளில் முடித்தோம். தோண்டிய களிமண்ணையே உள்ளே கொட்டினோம். அன்னை இரண்டு மாதம் அங்கமர்ந்து வெயில் காய்ந்தார்.

நீலகிரியின் மழையை நாம் அறியாதவரல்லர். இரு பருவமழையும் நனைக்கும் மலை அது. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டதை நாளிதழில் படித்து வருந்தியவர்தாம் நாம்.

ஐப்பசியில் தொடர்ந்து நான்கு நாள் மழை. இரவு இரண்டு மணிக்குச் சுவர் சரிந்தது. கற்கள் உருண்டு, கீழ்வீட்டு அடுக்களையின் தகரக் கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தன. மறுநாள் நாம் போய் நின்றபோது, ஆயத்தம் செய்த சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவ்வீட்டு அம்மாள் ஒரு மூலையைக் காட்டி, "புள்ளைங்க சாயந்தரத்துல இங்கதான் உக்காந்து படிக்கும் சாமி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கூரையைச் சீர்செய்து கொடுத்தோம். அந்த ஒரு வாக்கியத்துக்குச் செய்யக்கூடியது ஏதுமில்லை.

முதிய கொத்தனாரைத் தேடிச் சென்றோம். அவர் பழையதைப் பேசவேயில்லை. தேங்கிய நீர் நாலடி நின்றால், அடிவரிசைக் கல்லின் ஒவ்வொரு சதுர அடியையும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம்போல் தள்ளும் என்பதைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தோம். அவருக்கு அக்கணக்கு தேவைப்படவில்லை. கெட்டி மண் தட்டுப்படும்வரை கடைக்கால் தோண்டி, அதன் அடியை மலைப்பக்கமாகச் சற்றே சாய்த்தார். அடியில் இரண்டடிக்கு மேல் அகலம். மேலேற ஏற அடிக்கு இரண்டங்குலம் உள்வாங்கிய சுவர். இடையிடையே நீண்ட கற்களை உள்நோக்கிச் செருகினார். பின்னால் ஓரடி அகலத்துக்கு உடைகல்; அதற்கப்பால் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினார்கள். தளத்தையும் வீட்டிலிருந்து வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் சாய்த்தார். நாற்காலிக்கு அது தெரியாது, நீருக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் வடிகாலும் அமைந்தது. சுவரின் முகத்தில், இரு வரிசையாக ஆறு துளைகள்.

அடுத்த ஐப்பசியில் நாமே போய்த் தங்கினோம். இரண்டாம் நாள் மழையில் கீழ்வீட்டு அம்மாள் தம் அடுக்களை வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"சாமி, ஆறு ஓட்டையில அஞ்சுலதான் தண்ணி வருது."

குடையோடு இறங்கினோம். ஓரத்துத் துளையில் சருகு அடைத்திருந்தது. கம்பியால் குத்திவிட்டோம். செந்நீர் பீறிட்டு நம் அங்கியை நனைத்தது. அந்த அம்மாள் உள்ளே போய், அணைந்திருந்த அடுப்பை மூட்டினார்.